ஆங்கிலம் வாசிக்கும் பிள்ளைக்கு ஊரே பொறுப்பு

தரம் ஐந்தில் படிக்கும் பிள்ளை ‘ஏ ஃபார் ஆப்பிள்’ தொடங்கி இருபத்தாறு எழுத்தையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறது. கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாகக் கொப்பியில் இறக்குகிறது. ஆனால் முன்பின் பார்த்திராத மூன்றெழுத்துச் சொல் ஒன்றைக் காட்டி வாசிக்கச் சொன்னால் நம் முகத்தைப் பார்க்கிறது. புசல்லாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் மட்டுமல்ல, மலையகம் எங்கும் ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்குப் பழகிப்போன நிலைமை இது. பிள்ளைக்கு மண்டையில் ஏறவில்லை என்கிறது வீடு. டீச்சர் சரியில்லை என்கிறது ஊர். வீட்டில் கவனிப்பில்லை என்கிறது பாடசாலை. ஆளணி போதாது என்கிறது வலயம். நால்வர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நால்வரும் சொல்லி முடித்த பிறகும் பிள்ளைக்கு அந்தச் சொல் வாசிக்க வரவில்லை என்பது மட்டும் மாறவில்லை.

இந்த ஊருக்கு ஆங்கிலம் புதிதல்ல. கண்டியிலிருந்து கம்பளை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில், புசல்லாவை ரொத்சைல்ட் தோட்டத்தில், வோர்ம்ஸ் சகோதரர்கள் 1841இல் சீனத் தேயிலைக் கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலையை வர்த்தகப் பயிராக்கியதற்குக் கால் நூற்றாண்டு முந்திய சங்கதி அது. தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், செக்ரோல், கணக்கு, கடிதம் எல்லாமே ஆங்கிலத்தில் நடந்தன. அந்த ஆங்கிலம் பங்களாவிலும் ஒபீசிலும் தங்கிவிட்டது. லயத்துக்கு அது உத்தரவாக மட்டுமே இறங்கி வந்தது.

பள்ளிக்கூடத்தின் கதையும் அப்படித்தான். 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் கடமையைத் துரைமார் தலையில் வைத்தது. அந்தக் கடமை பெரும்பாலும் ஒரு கொட்டகையோடும் ஓர் ஆசிரியரோடும் தீர்ந்துபோனது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தபோதும் தோட்டப் பள்ளிகள் வெளியேதான் நின்றன. 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. இன்று தரம் மூன்றில் ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளையின் பாட்டிக்குக் கிடைத்தது அந்தக் கொட்டகைப் பள்ளி. அம்மா எட்டாம் ஒன்பதாம் வகுப்போடு நின்றிருக்கலாம். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத பிள்ளைக்குப் பாடசாலை கொடுக்காத ஆங்கிலத்தை வேறு யாரும் கொடுக்கப் போவதில்லை.

தேவை என்ன என்று விளக்க வேண்டியதில்லை. 1987இல் வந்த பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. சட்டத்தில் எழுதியது அப்படி இருக்க, மருந்துப் பெட்டியின் மேல் இருப்பது, வங்கியில் நீட்டும் படிவம், கைத்தொலைபேசித் திரை, கொழும்பில் வேலைக்குப் போகும் அண்ணனுக்கு வரும் நியமனக் கடிதம் எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்தில் சறுக்கும் பிள்ளைகளில் மிகப் பலர் தரம் பத்தில் சறுக்கியவர்கள் அல்லர். தரம் மூன்றில் எழுத்தும் ஒலியும் ஒட்டாமல் போன அன்றே அவர்கள் பின்தங்கிவிட்டார்கள்.

அந்த ஒட்டுதல் எப்படி நடக்கிறது என்பதை ஊரும் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தால்தான் ஆசிரியரிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது என்பது விளங்கும்.

ஆங்கிலத்தில் எழுத்துகள் இருபத்தாறு, ஒலிகள் ஏறக்குறைய நாற்பத்து நான்கு. தமிழில் ‘க’ என்று சொன்னால் எழுத்தின் பெயரும் அதுதான், ஓசையும் அதுதான். ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் வேறு, அது சொல்லுக்குள் எழுப்பும் ஒலி வேறு. ‘சி’, ‘ஏ’, ‘டி’ என்று மூன்று பெயரையும் வேகமாகச் சொன்னால் ‘சியேடி’ வருமே தவிர ‘கேட்’ வராது. நாம் ஒப்பிக்கக் கற்றுக்கொடுப்பது பெயர்களை. வாசிக்கத் தேவைப்படுவது ஒலிகள். பிள்ளை தடுமாறுவதில் பெரும்பங்கு இந்த ஒரு இடத்தில்தான்.

இதற்கு வகுப்பறையில் ஒலிமுறை என்ற தேர்ந்த வழி இருக்கிறது. அகர வரிசையில் போகாமல், சொல் கட்ட உதவும் எழுத்துகளை முதலில் எடுப்பார்கள். எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறும் போதும். இவற்றின் ஒலிகளைப் பிள்ளை தனித்தனியே சொல்லப் பழகியதும் ஆசிரியை மூன்று அட்டைகளை இடைவெளி விட்டு வைக்கிறார். ‘ட்… இ… ன்’. அட்டைகளைச் சற்று நெருக்குகிறார். ‘ட்.. இ.. ன்’. சேர்த்து வைக்கிறார். பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை ‘டின்!’ என்று கத்துகிறது. டின் மீனில் உள்ள அதே டின். முதல் அட்டையை எடுத்துவிட்டுப் ‘பி’யை வைத்தால் அது ‘பின்’. யாரும் சொல்லிக் கொடுக்காத ஒரு சொல்லைத் தானே வாசித்துவிட்டோம் என்று பிள்ளைக்குப் புரியும் நொடி அது. மனப்பாடத்தில் அந்த நொடி வருவதில்லை. பிறகு புது எழுத்துகள் ஒவ்வொன்றாகச் சேரும். ஈரெழுத்து கூடி ஒரே ஒலி தரும் இடங்கள் வரும். கடைசியில் விதிக்கு அடங்காத சொற்களைக் கண்ணால் பழக்கிக்கொள்வார்கள்.

எழுதுவதும் இதோடு சேர்ந்தே வளர வேண்டும். பஸ் என்று எழுதச் சொன்னால் பிள்ளை ‘பி-ஏ-எஸ்’ என்று எழுதுகிறது. சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போட்டால் பிள்ளை அடுத்த தடவை எழுதாது, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து இறக்கும். நிதானித்துப் பார்த்தால் இந்தப் பிழையில் முக்கால்வாசி சரி. மூன்று ஒலிகளைப் பிள்ளை பிரித்துக் கேட்டிருக்கிறது, வரிசையும் மாறவில்லை. நடுவில் கேட்ட அகர ஓசைக்கு ‘ஏ’ போட்டிருக்கிறது, அவ்வளவுதான். முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் சரி போட்டு, நடுவில் ‘யு’வைக் காட்டுவது ஆசிரியரின் வேலை. கொப்பியில் பிழை இருக்கிறதே என்று பதறிப் பாடசாலைக்கு ஓடி வராமல் இருப்பது பெற்றோரின் வேலை. பிழையே இல்லாத கொப்பி பெரும்பாலும் பார்த்து எழுதிய கொப்பிதான்.

தமிழ்ப் பிள்ளைக்கென்று சில இடறல்கள் உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் கிடையாது. ஆங்கிலத்தில் இருபத்தாறும் ஐம்பத்திரண்டு வடிவமாகி நிற்கும். கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பி நிற்கும் சின்ன ‘பி’யும் சின்ன ‘டி’யும் மாதக்கணக்கில் குழப்பும். சொல்லின் கடைசியில் ‘புக்கு’, ‘பஸ்ஸு’ என்று உகரம் ஒட்டிக்கொள்ளும். ‘ஸ்கூல்’ என்பதன் முன்னே ஓர் இகரம் வந்து உட்காரும். இவை சோம்பலும் இல்லை, மந்தமும் இல்லை. தாய்மொழியின் ஓசைப் பழக்கம் தன் வேலையைச் செய்கிறது. இவற்றைச் சொல்லிச் சிரிக்கும் வகுப்பில் பிள்ளை வாய் திறக்காது. வாய் திறக்காத பிள்ளைக்கு வாசிப்பும் வராது.

தாய்மொழி தடை என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். ஒரு மொழியில் வாசிக்கத் தெரிந்த பிள்ளை அந்தத் திறமையை மற்ற மொழிக்கும் எடுத்துச் செல்கிறது என்று கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே எழுதினார். அதன் பிறகு உலகின் பல மூலைகளில் ஆசிரியர்கள் அனுபவத்தில் கண்டதும் அதுதான். எழுத்து என்பது ஓசையின் அடையாளம் என்ற பெரிய உண்மையைப் பிள்ளை ஒரு முறைதான் கண்டுபிடிக்க வேண்டும். அதைத் தமிழில் கண்டுபிடிப்பது எளிது. பாட்டி போடும் விடுகதையிலும், கும்மிப் பாட்டின் எதுகையிலும், வாய்க்கு வந்ததை அடுக்கி விளையாடும் விளையாட்டிலும் பழகிய காதுக்கு, ‘பின்’னும் ‘டின்’னும் ஒரே ஓசையில் முடிகின்றன என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலம் வேண்டும் என்பதற்காக வீட்டில் தமிழைக் குறைக்கச் சொல்லும் ஆலோசனையைப் பெற்றோர் காதிலேயே போட்டுக்கொள்ளக் கூடாது. ‘இங்கிலீஷ் மீடியம்’ என்று பெயர்ப்பலகை தொங்கும் முன்பள்ளிக்கு நாட்சம்பளத்தில் பாதியைக் கட்டும் தாய், மாலையில் பிள்ளையோடு தமிழில் பேசும் அரை மணி நேரத்துக்கு அதே மதிப்பைக் கொடுக்க வேண்டும்.

நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்ற ஆசிரியை, 1963இல் வந்த ‘டீச்சர்’ என்ற நூலில் தம் அனுபவத்தை எழுதினார். அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கைக்கு ஒட்டாத பாடநூலை அவர் ஓரம் கட்டினார். ஒவ்வொரு பிள்ளையிடமும் இன்றைக்கு உனக்கு என்ன சொல் வேண்டும் என்று கேட்டு, அது கேட்ட சொல்லைக் கெட்டியான அட்டையில் எழுதிக் கொடுத்தார். தன் பயமும் ஆசையும் கலந்த சொல்லைப் பிள்ளை ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டது. நமது வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்டால் மழை, அட்டை, கொழுந்து, லயம், பஸ், நாய் என்று வரும். சைலபோன் என்ற வாத்தியத்தைப் படத்தில்கூட ஒழுங்காகப் பார்த்திராத பிள்ளைக்கு அதை முதல் பாடமாக வைப்பதைவிடக் காலில் ஏறிய அட்டையை எழுதச் சொல்வது பயன் தரும்.

அரசின் பாடத்திட்டம் இதற்கு எதிரானதல்ல. 1990களின் இறுதியில் வந்த சீர்திருத்தம் தரம் ஒன்றிலும் இரண்டிலும் செயற்பாட்டோடு கூடிய வாய்மொழி ஆங்கிலம், தரம் மூன்றிலிருந்து புத்தகத்தோடு முறையான பாடம் என்று வகுத்தது. முதலில் காது, பிறகு கண் என்ற ஒழுங்கு சரியானதுதான். கோளாறு நடைமுறையில் வருகிறது. முதல் இரண்டு ஆண்டு வாய்மொழி ஆங்கிலத்தை நடத்த வேண்டியவர் வகுப்பாசிரியர். தானே ஆங்கிலம் பேசத் தயங்கும் வகுப்பாசிரியர் அந்த நேரத்தைத் தமிழுக்கோ கணிதத்துக்கோ கொடுத்துவிடுகிறார். காது பழகாத பிள்ளை தரம் மூன்றில் நேரே எழுத்துக்கு முன்னால் போய் நிற்கிறது. தரம் நான்கு வந்ததும் புலமைப்பரிசில் பரீட்சைக் காய்ச்சல் பிடித்துக்கொள்கிறது. மீதி நேரமும் போய்விடுகிறது.

ஆசிரியர் தரப்பையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். மலையகத்துக்கு ஆசிரியர் பற்றாக்குறை நேற்று வந்ததல்ல. கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்த பிறகு நமது பிள்ளைகளே பயிற்சி பெற்று நமது பாடசாலைகளுக்குத் திரும்பினார்கள். அது பெரிய மாற்றம். ஆனாலும் 2014, 2015இல் மூவாயிரத்துக்கும் அதிகமான ஆசிரிய உதவியாளர்களை மலையகப் பாடசாலைகளுக்கு எடுத்தபோது மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. பிறகு அது 10,000 ஆனது. அந்தப் பணத்தில் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்துவிட்டு அட்டை வாங்கிப் பாடம் தயாரிக்கச் சொன்னோம். ஆங்கிலத்துக்கென்று பயிற்சி பெற்றவர் வந்தாலும் சில ஆண்டில் கீழே இறங்க மாற்றம் கேட்கிறார். தங்க வீடும் நேரத்துக்குப் பஸ்ஸும் இல்லாத மேல் டிவிசனில் யாரும் நிலைக்க மாட்டார்கள். 2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்குமான ஆண்டு என்று அறிவித்ததும் நினைவிருக்கும். ஆண்டு முடிந்தது. வாசிப்பு ஓர் ஆண்டில் முடியும் காரியமல்ல. இடையில் பெருந்தொற்று, 2022இன் எரிபொருள் தட்டுப்பாடு, 2025 நவம்பர் இறுதியில் மலையைப் பிளந்த டித்வா புயல் என்று பாடசாலை நாட்கள் கரைந்தபடியே இருக்கின்றன. ஒலிமுறையில் நாலு நாள் விட்டால் முந்திய எட்டு நாள் போய்விடும்.

ஆகவே எல்லாப் பாரமும் ஆங்கில ஆசிரியரின் ஒரு பாடவேளைக்குள் அடங்கும் என்று நம்புவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. அந்தப் பாடவேளையை முழுமையாக அவருக்குக் கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் உள்ள நேரத்தை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

அதிபரின் பங்கு முதலாவது. தரம் ஒன்று முதல் மூன்று வரை ஆங்கில நேரத்தை வேறு பாடத்துக்கும் வேறு வேலைக்கும் எடுக்க விடக்கூடாது. ஒவ்வொரு தவணை முடிவிலும் பத்துச் சொற்களை வைத்து ஒவ்வொரு பிள்ளையையும் தனியே வாசிக்கச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 2012 முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நாற்பது சொற்களில் இப்படி ஒரு சோதனை நடக்கிறது. அதில் பாதி பொருளே இல்லாத சொற்கள். மனப்பாடத்தால் கடக்க முடியாது, ஒலி கூட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வைக்கிறார்கள். நமக்கு நாற்பது வேண்டாம், பத்து போதும். இதற்கு ஒரு தாளும் பதினைந்து நிமிடமும் செலவு. புள்ளி போட்டு வரிசைப்படுத்தாமல், யாருக்கு எந்த ஒலி வரவில்லை என்று பார்த்தால் போதும்.

தரம் இரண்டு மூன்றைச் சேர்த்து ஒரே ஆசிரியர் நடத்தும் சிறு பாடசாலைகள் தமிழ்நாட்டின் ஒரு ஏற்பாட்டைக் கவனிக்கலாம். அங்கே 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துத் தமிழ், ஆங்கிலம், கணிதம் மூன்றையும் கற்பிக்கிறார்கள். வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்ப்பது நமது பல்தரக் கற்பித்தலுக்கும் பொருந்தும்.

கம்பளை, கொத்மலை வலயக் கல்விப் பணிமனைகளுக்கு இரண்டு வேலை இருக்கிறது. புசல்லாவைப் பிள்ளைகள் இந்த இரண்டு வலயங்களின் ஓரத்திலும் இருக்கிறார்கள். ஓரத்தில் இருப்பவர்களுக்கு ஆசிரிய ஆலோசகரின் வருகை குறைவு. அந்த வருகை குறிப்பேட்டில் கையெழுத்து வைப்பதோடு நிற்காமல், ஆலோசகரே ஒரு பாடம் நடத்திக் காட்டுவதாக இருக்க வேண்டும். இரண்டாவது, தரம் ஒன்று இரண்டு வகுப்பாசிரியர்களுக்கு ஒலிமுறையில் குறுகிய பயிற்சி. அவர்களுக்குத் தேவைப்படுவது இலக்கணம் அல்ல. நாற்பத்து நான்கு ஒலியையும் கூச்சமில்லாமல் சொல்லிப் பழகும் இடம்.

தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கங்களும் ஒதுங்கி நிற்க முடியாது. பிள்ளைக் காம்பராவில்தான் பிள்ளையின் முதல் ஐந்து வயது கழிகிறது. அந்த நிலையங்களைப் பார்த்துக்கொள்ளும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் கம்பனியும் அங்கே பாட்டும் கதையும் படப் புத்தகமும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சந்தா வாங்கும் சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையில் காட்டும் அதே வேகத்தை ஆசிரியர் விடுதிக்கும் காலைப் பஸ்ஸுக்கும் காட்டட்டும்.

பெற்றோருக்கு ஆங்கிலம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. காலையில் பிரட்டுக்களத்துக்கு ஓடி மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் தாயிடம் புத்தகம் சொல்லிக் கொடு என்பது கொடுமை. பத்து நிமிடம் பிள்ளை வாசிப்பதைக் கேட்டால் போதும். வாசித்து முடித்ததும், “சரி, இதுல என்னம்மா சொல்லியிருக்கு?” என்று தமிழில் ஒரு கேள்வி. வாசித்ததன் பொருள் பிள்ளைக்குப் பிடிபட்டதா என்பது பதிலில் தெரிந்துவிடும். பொருள் தெரியாமல் ஒலி கூட்டுவது பாதி வாசிப்புத்தான், மீதிப் பாதி இந்தக் கேள்வியில் வருகிறது.

டவுனில் கடை வைத்திருப்பவர்களுக்கும் இதில் இடமுண்டு. பிஸ்கட் உறை, சவர்க்காரப் பெட்டி, தேயிலைப் பக்கெட், பஸ்ஸின் பெயர்ப்பலகை என்று ஊர் முழுக்க வாசிப்புப் பாடம் இறைந்து கிடக்கிறது. பஸ் பலகையில் ஒரே ஊர்ப்பெயர் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கும். வெறும் உறைகளைச் சேர்த்து வகுப்புக்குக் கொடுத்தால் ஆசிரியைக்கு அட்டை வாங்கும் செலவு மிச்சம். பழைய மாணவர்கள், பேராதனையில் படிப்பவர்கள், வேலையில் இருப்பவர்கள் சனிக்கிழமை ஒரு மணி நேரம் கோயில் மண்டபத்திலோ பள்ளிவாசல், தேவாலய மண்டபத்திலோ உட்கார்ந்து சிறு புத்தகங்களைச் சத்தமாக வாசித்துக் காட்டலாம். அது இன்னொரு டியூசன் ஆகிவிடக் கூடாது. பாடமும் பரீட்சையும் இல்லாத ஒரு மணி நேரமாக இருக்கட்டும்.

இத்தனை பேர் கூட வேண்டுமா, அரசாங்கத்தின் வேலையை நாம் ஏன் தூக்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆசிரியர் நியமனமும் பயிற்சியும் சம்பளமும் அரசின் கடமை, அதைக் கேட்பதை ஒரு நாளும் விடக் கூடாது. ஆனால் நியமனம் வரும்வரை தரம் மூன்று காத்துக்கொண்டிருக்காது. இன்று எட்டு வயதுப் பிள்ளைக்கு அடுத்த ஆண்டு ஒன்பது வயது. கேட்பதையும் செய்வதையும் சேர்த்தே நடத்தலாம். செய்து காட்டும் ஊருக்குக் கேட்கும் உரிமையும் கூடும்.

அடுத்த தவணை தொடங்குமுன் ஒவ்வொரு பாடசாலையிலும் அபிவிருத்திச் சங்கக் கூட்டம் ஒன்று கூடட்டும். நிகழ்ச்சி நிரலில் வேறெதுவும் வேண்டாம். பத்துச் சொல் சோதனையை யார் நடத்துவது, உறைகளை யார் சேர்ப்பது, சனிக்கிழமை மண்டபத்தை யார் திறப்பது, வலயத்துக்குக் கடிதத்தோடு யார் போவது என்ற நான்கு கேள்விகளுக்கும் எதிரே நான்கு பெயர்களை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுக் கலையட்டும். தவணை முடிவில் அதே கூட்டம் மறுபடி கூடி, எத்தனை பிள்ளைகள் பத்துச் சொல்லையும் வாசித்தார்கள் என்று கேட்கட்டும். அந்த எண்ணிக்கை குறைந்தால் அது ஓர் ஆசிரியரின் தோல்வி என்று இனி யாரும் சொல்ல முடியாது. கூடினால் அதில் பங்கு கேட்கும் உரிமை ஊருக்கு உண்டு.